மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ரேணுகா

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள் ரேணுகா. நாற்பதை நெருங்கும் வயது. இந்த வயதுக்குள் அவள் எத்தனை தடவை 'சரிங்க' சொல்லியிருப்பாள் என்று எண்ணப் புறப்பட்டால், மலைச்சரிவில் தேயிலைச் செடியை எண்ணிக்கொண்டு நிற்கிற கதைதான். 'மாட்டேன்' எத்தனை என்று கேட்டால் பதில் சுலபம். ஒன்றுகூட இல்லை.

இது அவளுடைய குணம் மட்டும் இல்லை, குடும்பச் சொத்து. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டம், அப்பா காலத்தில் கப்பலேறி வந்து நீலகிரித் தோட்டம். நாடு மாறியது, கூடை மாறவில்லை. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்தை அவள் வீட்டில் இன்னமும் பெரட்டுக்களம் என்றுதான் சொல்வார்கள். பெரட்டுக்குப் பிந்தி வந்தவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பால் பல் விழுமுன்பே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எஸ்டேட் மேனேஜரான துரை வந்து, "நாளைக்கு ஞாயிறு, வேலைக்கு வர்றியா?" என்று கேட்டால் அது கேள்வி இல்லை. முடியாது என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அடுத்த வாரம் அவர்களுக்குக் கிடைத்தது முள்ளும் அட்டையும் மண்டிய செங்குத்துச் சரிவு. யாரும் திட்ட மாட்டார்கள். அவர்களை மறுபடி கேட்கவும் மாட்டார்கள்.

அவளுக்கு வாய்த்தவனும் அந்தக் குட்டையில் ஊறிய மட்டைதான். பாண்டியன் அதே எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மேலே பார்த்தால் பூனை, கீழே பார்த்தால் புலி. மேனேஜர் ஜீப் சத்தம் கேட்டாலே தலையில் கட்டிய மப்ளர் தானாக இறங்கிவிடும். அந்த ஜீப் வளைவு திரும்பியதும் பெண்களிடம் அவன் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

இவர்களுக்கு ஒரே மகள் கீர்த்தனா. இந்த வீட்டுப் பிள்ளை நீச்சலுக்குப் போனதே ஒரு கூத்து. எஸ்டேட்டுக்கு எதிர் மேட்டில் பெரிய இடத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. கண்ணாடிக் கூரை போட்டு, தண்ணீரைச் சூடாக்கி வைத்திருக்கிற நீச்சல் குளம் உள்ளேயே உண்டு. வெளியே எலும்பு நடுங்கும். உள்ளே வியர்க்கும். அந்தப் பள்ளிக்காரர்களுக்கு ஒரு வருஷம் தர்மசிந்தனை பொங்கி, பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வாரம் ஒருநாள் குளத்தில் இறக்கி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த போட்டோவுக்காக இறங்கினவள்தான் மூன்றாம் வகுப்புக் கீர்த்தனா. இறங்கினவள் மீனாகிவிட்டாள்.

அந்தக் குளத்தை வாடகைக்கு எடுத்து அகாடமி நடத்துகிறவர் வசந்தகுமார். கோயம்புத்தூர்க்காரர், கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். அவர் பாண்டியனைக் கூப்பிட்டனுப்பி, "பொண்ணுக்கு நல்ல கை இருக்குதுங்க. ஃபீஸ் வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்றார். பாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவர்கள் பார்க்கவில்லை. அந்த மாடு எதைத் தின்னும் என்றாவது கேட்டிருக்கலாம்.

முதலில் சாயங்காலம் மட்டும்தான், அதுவும் வாரத்தில் பாதி நாள். அடுத்த வருஷம் கோச் கேட்டார், காலையிலும் வரலாமா என்று. சரிங்க சார். அதற்கடுத்து ஞாயிறும் வரலாமா என்றார். சரிங்க சார். பரீட்சை லீவில் முழுநாள், தீபாவளிக்கு மறுநாள், பொங்கலன்று காலை. சரிங்க, சரிங்க, சரிங்க. நீந்தி முடித்ததும் ரப்பர் கயிற்றை இழுக்கிற பயிற்சி ஒன்று, அதற்கும் சரிங்க. ஒன்றைச் சொல்ல வேண்டும். வசந்தகுமார் எதையும் உத்தரவாகப் போட்டதில்லை. ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் போட்டார். சிரித்த முகமாகக் கேட்டார்.

விடியுமுன் எழுந்து, பாண்டியன் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். பாதையில் காட்டுமாடு நிற்கும் என்று சத்தம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பின்னால் கீர்த்தனா தூக்கத்திலேயே நடந்து வருவாள். குளத்திலிருந்து நேரே பள்ளிக்கூடம். ஈரத்தலை மூடுபனியில் காயவே காயாது. குளோரின் பட்டுப் பட்டு முடி செம்பட்டையாகி நார்போல் ஆனது. பள்ளி விட்டதும் மறுபடி குளம். வீடு வரும்போது தெருவில் டிவி சீரியல் எல்லாம் முடிந்திருக்கும். வீட்டுப் பாடத்தைத் திறந்து வைத்து அதன்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாள். ரேணுகா அதைப் பார்த்து, "பாவம், களைச்சுப்போச்சு" என்பாள். அவ்வளவுதான் அவள் கரிசனம். களைப்பது என்பது அவளுக்கு மழை மாதிரி. அதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

மாவட்டப் போட்டிகளில் மெடல் குவிந்தது. அகாடமி வாசலில் கீர்த்தனாவின் படம் போட்டுப் பேனர் கட்டினார்கள். பேனரைப் பார்த்துப் பணம் கட்டுகிற பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பாண்டியனுக்கு வேறு கணக்கு. அவர்கள் இருக்கிற லைன் வீடு எஸ்டேட்டுடையது. அவன் ரிட்டையர் ஆகிற அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும். மகள் மாநிலப் போட்டியில் ஜெயித்தால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ், அப்புறம் போலீசிலோ ரயில்வேயிலோ வேலை, அப்புறம் சொந்தமாக ஒரு கூரை. வீட்டில் பேச்சென்றால் அதுதான். ஆக, பதினான்கு வயதுப் பிள்ளையின் தோள்மேல் ஒரு வீட்டையே கட்டி ஏற்றி வைத்திருந்தார்கள்.

அந்தத் தோள்தான் முதலில் கெட்டது. கையைத் தூக்கிச் சடை பின்ன முடியவில்லை. பிறகு நேரம் கெட்டது. போன வருஷம் நீந்தினதைவிட இந்த வருஷம் மெதுவாக நீந்தினாள். வசந்தகுமார் ஸ்டாப்வாட்சை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, மனசு இல்லை, அதுதான் வியாதி என்றார். மருந்தாக இன்னும் சில சுற்று நீச்சலைச் சேர்த்தார். கீர்த்தனா வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் ஆனாள். நீச்சல் கண்ணாடியைச் சுவரில் அடித்து உடைத்தாள். ஒருநாள் விடியலில் பாதை நடுவே காட்டுமாடு ஒன்று நின்றது. பாண்டியன் மகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு அது நகரட்டும் என்று காத்திருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்ப்பா, இது குத்துனா ஒரு மாசம் லீவு கிடைக்குமா?"

இதைப் பாண்டியன் வீட்டில் வந்து சிரிப்பாகச் சொன்னான். ரேணுகாவும் சிரித்தாள். இருவரையும் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு அறை கொடுக்க வேண்டிய இடம் இது. ஆனால் கொடுக்க ஆள் இல்லை.

ரேணுகாவுக்கு உறைத்தது வேறொன்று. மகள் சில மாசமாகத் தூரமாகித் தலைக்கு ஊற்றவே இல்லை. இதை அவளுக்கு முன்பே கவனித்தவள் பக்கத்து வீட்டு மூக்கம்மா. ஊரில் எந்த வீட்டில் எந்தத் துணி காய்கிறது என்று பார்ப்பதற்கே பிறந்தவள். அவள் குழாயடியில் இழுத்து இழுத்து விசாரித்தாள். இருட்டில் போகிறது, இருட்டில் வருகிறது, ஆம்பளை கோச்சு, நீ எதுக்கும் பார்த்துக்க என்றாள். ரேணுகா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு மகளைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டாள். கீர்த்தனா பதில் சொல்லவில்லை. ஓர் அறை விழுந்தது. அப்போதும் சொல்லவில்லை. அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை என்பது ரேணுகாவுக்கு அடித்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, உடம்பு எலும்பாகக் கிடக்கிறது, தூக்கமும் சோறும் பத்தவில்லை, அதனால்தான் மாதவிலக்கு நின்றிருக்கிறது என்றார். தோளை அழுத்திப் பார்த்தபோது கீர்த்தனா பல்லைக் கடித்தாள். டாக்டர் நிமிர்ந்து ரேணுகாவைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

"புள்ளைய எங்கம்மா வேலைக்கு அனுப்பறீங்க?"

வேலை இல்லைங்க, நீச்சல் என்றாள் ரேணுகா. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று டாக்டர் கேட்டார். ரேணுகா சொல்லச் சொல்ல, அவளுக்கே நாக்கு தடுமாறியது. கொழுந்துக் கூடையைச் சுமக்கிற தான் வேலை முடிந்து வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகும் மகள் தண்ணீரில் இருக்கிறாள் என்பதை அவள் அதுவரை கூட்டிப் பார்த்ததில்லை. தோட்டத்தில் வேலைக்கு ஒரு சங்கு உண்டு. அது ஊதினால் கூடையை இறக்கலாம். குளத்துக்கு அது இல்லை. டாக்டர் கொஞ்ச காலம் முழு ஓய்வு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டு கிடைத்ததும் ரேணுகாவுக்குத் தைரியம் வந்தது. எஸ்டேட்டில் சிக் சீட்டு இருந்தால்தான் லீவு. சீட்டைக் காட்டி, துரையிடம் கேட்பதுபோல, கோச்சிடம் கேட்கலாம் என்று சனிக்கிழமை கிளம்பினாள். மாநிலப் போட்டிக்குமுன் பெற்றோர் கூட்டம் என்று அன்று எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். இதற்கெல்லாம் எப்போதும் பாண்டியன்தான் போவான், போய்க் கடைசி நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்துவிட்டு வருவான். ரேணுகா போனது இதுதான் முதல் தடவை. அவளும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் சுகந்தி. குன்னூர் பஜாரில் பேக்கரி வைத்திருக்கிறவர்களின் மருமகள், அவள் பெண்ணும் இங்கேதான் நீந்துகிறாள். கீர்த்தனாவின் அம்மா என்று தெரிந்ததும் அவள் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்க பொண்ணு காலைலயும் வருதாமுங்களே. எப்படீங்க முடியுது? எங்களயுங் கேட்டாங்க. இந்தக் குளுருல ஆகாதுன்னு சொல்லிப்போட்டோமுங்க."

ரேணுகாவுக்குச் சரியாகக் கேட்டது. ஆனாலும் நம்பிக்கை வராமல், ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா மேடம் என்று கேட்டாள். சுகந்தி சிரித்தாள். ஞாயிறன்று பெண் பத்து மணிவரை தூங்குவாளாம். லீவுக்கு அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்களாம். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு டாக்டருடைய பையன் புதன்கிழமையும் வருவதில்லையாம், அன்றைக்கு அவனுக்குக் கீபோர்டு கிளாஸாம். மாட்டேன் என்று சொன்ன பிள்ளைகளில் ஒன்றைக்கூட அகாடமியிலிருந்து நிறுத்தவில்லையே என்று ரேணுகா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் குளத்தில் இருந்தார்கள். கன்னம் கன்னமாக இருந்தார்கள்.

அப்போது வசந்தகுமார் எழுந்து, போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அதுவரை மத்தியானமும் ஒரு செஷன் போடலாமா என்று பொதுவாகக் கேட்டார். முன்வரிசை டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே, நோ சார், ஸ்கூல் இருக்கிறது என்றார். சுகந்தி ஆகாதுங்க என்றாள். இன்னொருவர் தலையை மட்டும் ஆட்டினார். வசந்தகுமார் கோபிக்கவில்லை. ஓகே, ஓகே என்று சிரித்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"கீர்த்தனா வந்துருவா. என்னம்மா?"

மற்றவர்களிடம் கேட்ட குரல் வேறு, இது வேறு. ரேணுகாவுக்கு அது நன்றாகவே தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். அவள் வாய் 'சரிங்க'வுக்குத் திறந்தும்விட்டது. கையிலிருந்த சீட்டு கசங்கியது.

"வரமாட்டா சார்" என்றாள்.

கூரை இடிந்து விழவில்லை. வசந்தகுமார் ஒரு நொடி அவளைப் பார்த்தார். "சரி, பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போட்டிக்குப் போகிற பஸ் விஷயத்துக்குப் போனார். அவ்வளவுதான். ஒரு சொல், அதற்கு இவ்வளவுதான் விலை. ரேணுகாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். இந்த ஒரு சொல்லைச் சொல்லாததற்கா என் பிள்ளை எலும்பாகிக் கிடக்கிறாள்?

கூட்டம் கலைந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள். டாக்டர் சீட்டை நீட்டினாள். அவர் படித்துவிட்டு உச்சுக் கொட்டினார். இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா என்றார்.

"முன்னாடியே மாட்டோம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

"விட்டிருப்பேனே. நான் எதையும் திணிக்கலயேம்மா. ஒவ்வொண்ணும் உங்க வீட்டுக்காரரைக் கேட்டுத்தான போட்டேன். அவரு சரின்னாரு."

நியாயஸ்தன் பேச்சு. கையில் ஒட்டாமல் மீன் பிடிக்கிறவன் பேச்சு.

"எங்ககிட்ட இதுவரைக்கும் கேட்டவங்க யாரும் பதிலுக்காகக் கேட்டதில்ல சார். எங்களுக்குச் சரின்னு மட்டும்தான் வரும். அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் எங்களையே கேட்டீங்க."

வசந்தகுமார் முகம் அப்போதுதான் மாறியது. சிரிப்பு உதிர்ந்துவிட்டது. ஃப்ரீயாகச் சேர்த்துக்கொண்டதற்கு நல்ல மரியாதை என்றார். பயிற்சிக்கு வராத பிள்ளைக்கு இலவச இடம் வைத்திருக்க இது சத்திரம் இல்லை என்றார். மாநிலப் போட்டியையும் மறந்துவிடலாம் என்றார். ரேணுகா, வாசலில் கட்டியிருக்கிற பேனரையும் அவிழ்த்துவிடுங்கள், இனி என் மகள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். எதிர்மேட்டிலிருந்து இறங்கி எஸ்டேட் ஏறும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னை யாராவது பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

வீட்டில் பாண்டியன் விஷயத்தைக் கேட்டதும் குதித்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாயே பாவி என்றான். வீடு போச்சு, வேலை போச்சு, ரிட்டையர் ஆனதும் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் படுக்கலாம் வா என்றான். நீ யாரைக் கேட்டு அங்கே வாயைத் திறந்தாய் என்றான். ரேணுகா விடவில்லை. பெரட்டுக்களத்தில் பெண்களிடம் காட்டுகிற வீரத்தை அந்தக் கோச்சிடம் ஒருநாள் காட்டியிருந்தால் பிள்ளைக்குத் தோள் மிஞ்சியிருக்கும் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. மூக்கம்மாவுக்குச் சுவரில் காதை வைக்க வேண்டிய சிரமம்கூட இல்லை.

கீர்த்தனா கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ரேணுகா அவள் பக்கம் திரும்பி, இனிமேல் நீ போக வேண்டாம், நான் சொல்லிவிட்டு வந்துவிட்டேன் என்றாள். மகள் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அதை எதிர்பார்த்துக் கையைக்கூடக் கொஞ்சம் விரித்திருந்தாள்.

"நீந்தப் போன்னு சொன்னப்பவும் என்னையக் கேக்கல. நிறுத்துனப்பவும் என்னையக் கேக்கல. உனக்கும் அந்த சாருக்கும் என்னம்மா வித்தியாசம்?"

பாண்டியன் கையை ஓங்கினான். ரேணுகா குறுக்கே நின்றுகொண்டாள். சாட்டையால் விளாசினதுபோல இருந்தது அவளுக்கு. கோச்சுக்கு எதிரே நின்று என்ன பேசினாளோ, அதையே இந்தப் பிள்ளை தன்னிடம் திருப்பிப் பேசுகிறது. அந்த ஆளாவது சிரித்த முகமாக ஒரு வார்த்தை கேட்டான். தான் அதுகூடக் கேட்கவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சரி. இப்பக் கேக்குறேன். நீ சொல்லு. போறியா, நிக்கிறியா?"

கீர்த்தனா நிமிர்ந்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். எந்தப் பதில் வேண்டும் என்று தேடினாள். அந்தப் பார்வையை ரேணுகா அறிவாள். ஜீப்பிலிருந்து துரை இறங்கும்போது வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தியும் பார்க்கிற பார்வை அது.

"என் மூஞ்சியப் பாக்காத. சொவத்தப் பாத்துச் சொல்லு."

கீர்த்தனா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மெடல்கள் மாட்டியிருக்கிற சுவர்.

"எனக்குத் தண்ணியப் பாத்தாலே கொமட்டுது. போகமாட்டேன். உங்க ரெண்டு பேரையும் எனக்குப் புடிக்கல."

பாண்டியன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ரேணுகா கட்டில் ஓரத்திலேயே இருந்தாள். பத்து மாசம் சுமந்து பெற்றது, பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. சுகந்தியின் பெண் அவள் அம்மாவிடம் இப்படிச் சொல்லியிருப்பாளா என்று ஒரு நினைப்பு ஓடியது. அழுகை வந்தது. அதையும் மீறி, இந்த வாய் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு வியப்பும் வந்தது. எழுந்து போய்ச் சோற்றைப் போட்டு, ரசம் ஊற்றி, முட்டையை உடைத்து வறுத்து வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"புடிக்காட்டிப் போகுது. சாப்புட்டுட்டுப் படு."

"சாப்புடவும் மாட்டேன்."

டாக்டர் சொன்னது எல்லாம் ரேணுகாவின் வாய்வரை வந்தது. பாழாய்ப்போன கையும் ஒரு தடவை துடித்தது. அவள் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மகளின் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.